ஊர்ப் பறவைக்கு ஓட்டு: தேர்தலைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்துவது எப்படி?

2023 நவம்பரில் நியூசிலாந்தில் ஒரு தேர்தல் முடிவை இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். குவிந்த ஓட்டுகளைச் சரிபார்த்து முடியவில்லை. 195 நாடுகளிலிருந்து மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செல்லுபடியான ஓட்டுகள். தேர்தலில் நின்றவை அத்தனையும் பறவைகள். வென்றது மாவோரி மக்கள் பூட்டெகெட்டெகெ என்று அழைக்கும் கொண்டை முக்குளிப்பான். நம் ஊர்க் குளத்தில் சட்டென்று மூழ்கி, நாம் பார்க்காத பக்கத்தில் தலையை நீட்டுமே ஒரு சின்னப் பறவை, அந்த முக்குளிப்பானுக்குப் பெரிய உறவுக்காரர்.

அந்தத் தேர்தலை நடத்துவது ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. 2005-ல் தங்கள் இமெயில் செய்திமடல் வழியாகச் சின்னதாகத் தொடங்கினார்கள். இன்று அந்த நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வீடு பறவைகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் அதற்கு இந்த ஓட்டெடுப்புதான் காரணம். ஜெர்மனி, ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, இஸ்ரேல் என்று பல நாடுகளில் இதைப் பல விதமாகச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நாம் கற்றுக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது.

நண்பர்களோடு சேர்ந்து எங்கள் ஊர் ஏரியை ஒட்டிய பள்ளிகளில் இரண்டு முறை இப்படி நடத்தியிருக்கிறேன். ஒரு ஏரி, ஒரு பள்ளி, ஓர் ஊர் என்ற அளவில் நடத்த நினைப்பவர்களுக்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: பறவைக்கு முன்னால் வேலையை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலும் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். "எந்தப் பறவையை நிறுத்தலாம்?" என்ற கேள்வியோடுதான் முதல் கூட்டமே தொடங்குகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது: இந்தப் பறவை வென்றால், அடுத்த பன்னிரண்டு மாதம் அதற்காக நாம் என்ன செய்யப்போகிறோம்?

ஜெர்மனியில் 1971 முதல் 'ஆண்டின் பறவை' அறிவிக்கப்படுகிறது. ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 2021-ல் முதல்முறையாக அதைப் பொதுமக்கள் ஓட்டுக்கு விட்டார்கள். அங்கே நிறுத்தப்படும் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கோரிக்கை உண்டு. 2024-ல் வென்ற ஆள்காட்டி இனப் பறவை, வடிகால் வெட்டிக் காயவைத்த ஈரப் புல்வெளிகளுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடச் சொல்லி ஓட்டு கேட்டது. 2025-ல் வென்ற கருஞ்சிவப்புவால் குருவி, கட்டடங்களில் கூடு கட்டச் சந்துபொந்துகளை விட்டுவைக்கச் சொன்னது. ஓட்டுப் போட்டவர் பறவையோடு சேர்த்து ஒரு வேலைக்கும் சம்மதம் சொல்லியாகிவிட்டது.

நியூசிலாந்து முக்குளிப்பானுக்கும் அப்படி ஒரு வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. முக்குளிப்பான் தண்ணீர் மட்டத்தோடு ஒட்டித்தான் கூடு வைக்கும். ஒரு படகு வேகமாகப் போனால் எழும் அலையே முட்டைகளை அடித்துக்கொண்டு போய்விடும். வானக்கா ஏரியில் தன்னார்வலர்கள் மிதவை மேடைகளைக் கட்டிவிட, அவற்றின் மேல் பறவைகள் கூடு வைக்கத் தொடங்கின. வேலையைக் கையில் வைத்திருந்த பறவைக்கு அந்த வெற்றி வந்ததால் உலகத்தின் கவனம் வீணாகவில்லை.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். பனங்காடையை நிறுத்துகிறீர்களா? அது மரப்பொந்தில் முட்டையிடும். உச்சி போன மொட்டைப் பனையின் பொந்து அதற்குப் பிடித்த வீடு. "பட்டுப்போன பனையை வெட்ட மாட்டோம்" என்பது அதன் கோரிக்கை. ஆள்காட்டியா? ஏரிக்கரைப் பொட்டலில், வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். "மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இந்தத் திட்டில் வண்டி ஓட்டக் கூடாது, மண் எடுக்கக் கூடாது." தூக்கணாங்குருவியா? கிணற்றோரக் கருவேல மரமும் பனையும் நிற்க வேண்டும். பறவைக்கு ஒரு வரி போதும். அந்த வரியை எழுத முடியாத பறவையைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இரண்டாம் படி: வேட்பாளர் பட்டியல்

உங்கள் இடத்தில் உண்மையிலேயே என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவுசெய்யும் இபேர்ட் இணையதளத்தில் உங்கள் ஏரிக்கு ஏற்கெனவே பட்டியல் இருக்கலாம். இல்லாவிட்டால் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நீங்களே கலந்துகொண்டு பட்டியலைத் தொடங்குங்கள். நான்கு நாள் காலையில் கரையில் நின்றாலே ஒரு நல்ல பட்டியல் கிடைத்துவிடும்.

அதிலிருந்து எத்தனை? ஜெர்மனியில் 2021-ல் முதல் சுற்றில் 307 இனங்களை முன்வைத்து, அவற்றிலிருந்து பத்தை எடுத்து, இரண்டாம் சுற்றில் ராபின் வென்றது. மொத்தம் நாலரை லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே ஐந்து பறவைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஐந்தில் வென்றது நமக்கும் தெரிந்த கொண்டலாத்தி. பிரிட்டனில் 2015-ல் அறுபதில் தொடங்கிப் பத்துக்கு வந்தார்கள். ஊர் அளவில் ஐந்து முதல் எட்டு போதும் என்பது என் அனுபவம். பத்தைத் தாண்டினால் சின்னக் குழந்தைகள் முதல் பெயரிலேயே டிக் அடித்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே பேர் வாங்கிய பறவையை வெளியே நிறுத்தத் தயங்க வேண்டாம். நியூசிலாந்தின் ககாபோ என்ற பறக்க முடியாத கிளி 2008-லும் 2020-லும் வென்றது. 2022-ல் மற்றப் பறவைகளுக்கு வழிவிட வேண்டும் என்று அதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. நம் ஊரில் மயிலை நிறுத்தினால் போட்டி அன்றே முடிந்தது. அது 1963 முதல் தேசியப் பறவை, அதற்கு இன்னொரு மேடை தேவையில்லை. (அந்தப் பதவிக்குக் கானமயிலைத்தான் சாலிம் அலி முன்மொழிந்தார். அன்று அதைத் தேர்ந்திருந்தால் இன்று அது இவ்வளவு அருகிப்போயிருக்குமா என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.)

பட்டியலில் குறைந்தது ஒரு பறவையாவது யாரும் திரும்பிப் பார்க்காததாக இருக்கட்டும். நாமக்கோழி மாதிரி. ஏரியில் கருப்பாகக் கூட்டம் கூட்டமாக மிதப்பதைப் பார்த்து "வாத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம். அலகும் வெள்ளை. கரையேறி நடந்தால் விரல்களின் இருபக்கமும் இலை இலையாகச் சதை மடிப்பு. வாத்துக்கு இருப்பது போல விரல்களை இணைக்கும் சவ்வு கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் இதைத் தொலைநோக்கியில் முதல்முறை பார்க்கும்போது போடும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு பறவைக்கும் உங்கள் பகுதியில் வழங்கும் பெயரையும் கேட்டு எழுதுங்கள். மீன்பிடிப்பவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் சொல்லும் பெயர்கள் புத்தகத்தில் இருக்காது. ஓட்டுச்சீட்டில் அந்தப் பெயர்தான் முதலில் வர வேண்டும். நியூசிலாந்திலும் மாவோரிப் பெயரையே முன்னால் போடுகிறார்கள்.

மூன்றாம் படி: விதிகளை ஓட்டுக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள்

கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். தேசியப் பறவை ஒன்றைப் பரிந்துரைக்க அங்கே ஒரு புவியியல் பத்திரிகை ஆன்லைனில் ஓட்டு வாங்கியது. ஐம்பதாயிரம் பேர் அளவுக்குக் கலந்துகொண்டார்கள். லூன் என்ற நீர்ப்பறவை முதலிடம், பனி ஆந்தை இரண்டாமிடம். 2016 நவம்பரில் முடிவை அறிவித்தபோது மேடையேறியது மூன்றாமிடத்தில் இருந்த சாம்பல் ஜே. முதல் இரண்டும் ஏற்கெனவே மாகாணப் பறவைகள் என்று நிபுணர்கள் சொன்ன காரணம் நியாயமானதுதான். ஆனாலும் லூனுக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அரசாங்கமும் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை.

ஆகவே மூன்று விஷயங்களை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஓட்டு எண்ணிக்கையே இறுதியா, அல்லது ஒரு குழு முடிவெடுக்குமா? யார் ஓட்டுப் போடலாம்? வென்ற பறவைக்கு என்ன தகுதி கிடைக்கும்? இது அரசு அறிவிப்பு அல்ல, நம் ஊர்க்காரர்களின் தேர்வு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிரிட்டனில் 2015-ல் இரண்டே கால் லட்சம் பேர் அளவுக்கு ஓட்டுப் போட்டு, 34 சதவீதத்தோடு ராபின் வென்றது. அரசு முத்திரை இல்லாமலே மக்கள் அதைக் கொண்டாடினார்கள்.

பறவை அல்லாத ஒன்றை நிறுத்தலாமா என்பதையும் யோசித்துவையுங்கள். 2021-ல் நியூசிலாந்தில் நீண்டவால் வௌவாலைச் சேர்த்தார்கள், அதுவே வென்றும் விட்டது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும் அந்த உயிர். பறவைகளை அழிக்கும் அதே எலிகளும் கீரி போன்ற ஸ்டோட்டுகளும்தான் அதையும் அழிக்கின்றன என்று அமைப்பு விளக்கியது. சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது துணிச்சலான, சரியான முடிவாகவே படுகிறது.

நான்காம் படி: ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வக்கீல்

ஓட்டெடுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒவ்வொரு பறவைக்கும் தன்னார்வப் பிரசார மேலாளர்கள் உண்டு. அவர்கள் போஸ்டர் வரைவார்கள், மீம் போடுவார்கள், எதிர்ப் பறவையோடு வாதாடுவார்கள். அமைப்பு இடத்தைத் திறந்துவிட்டு நடுநிலையாக ஒதுங்கி நிற்கும்.

2023-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஜான் ஆலிவர் முக்குளிப்பானின் மேலாளராக வந்து, பல நாட்டு நகரங்களில், மும்பை உட்பட, விளம்பரப் பலகை வைத்தார். அதற்குக் கிடைத்த ஓட்டு 2,90,374. இரண்டாவதாக வந்த கிவிக்கு 12,904. இத்தனைக்கும் கிவிதான் அந்த நாட்டுக்கே அடையாளம். முக்குளிப்பானின் எந்தச் செய்தி மக்களைப் பிடித்தது தெரியுமா? அதன் நடனம். இணை சேரும் காலத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாக மூழ்கி, வாய் நிறைய நீர்ப்பாசியோடு எழும். தண்ணீரின் மேல் நெஞ்சோடு நெஞ்சு நிமிர்ந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். குஞ்சு பொரித்தபின் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். இதை ஒருமுறை பார்த்தவர் யாரும் மறக்க மாட்டார்கள்.

உங்கள் பிரசாரகர்களுக்கும் இதைத்தான் சொல்லித்தாருங்கள். "அரிய பறவை, காப்பாற்றுங்கள்" என்று தொடங்கினால் யாரும் நிற்க மாட்டார்கள். அது செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லித் தொடங்கட்டும். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாமக்கோழிக்காக நின்றாள். காலைக் கூட்டத்தில் இரண்டே நிமிடம். "நம்ம ஏரியில தண்ணி இல்லாத வருஷம் இது வராது. இது வந்தா நமக்கும் தண்ணி இருக்குன்னு அர்த்தம்" என்றாள். யாரும் எழுதிக்கொடுத்ததல்ல. அவள் அப்பா ஏரியில் வலை போடுபவர்.

பிரசாரம் அரசியலாகவும் ஆகலாம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. 2019-ல் ஆஸ்திரேலியாவில் கருங்கழுத்துச் சில்லை வென்றது. ஒரு பெரிய நிலக்கரிச் சுரங்கம் அதன் வாழிடத்தில் வரவிருந்தது. மக்கள் அதை மனத்தில் வைத்தே ஓட்டுப் போட்டார்கள். உங்கள் பறவையின் கோரிக்கை யாருக்காவது சங்கடம் தரும் என்றால், ஆதாரத்தோடும் மரியாதையோடும் பேசக் கற்றுக்கொடுத்தால் போதும்.

பிரசாரத்தில் இரண்டு விஷயத்துக்கு மட்டும் கண்டிப்பாக இருங்கள். கூண்டில் அடைத்த பறவை எதுவும் மேடைக்கு வரக் கூடாது. நம் காட்டுப் பறவைகளை அடைத்து வைப்பது 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்க்கும் பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும். அப்புறம், கூட்டின் அருகில் போய் எடுத்த படங்கள் வேண்டாம். தாய்ப்பறவை எழுந்து போனால் வெயிலில் முட்டை வெந்துவிடும். பின்னாலேயே காக்கையும் வந்துவிடும்.

ஐந்தாம் படி: ஓட்டு முறை

ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பது எளிது. ஆனால் ஓட்டுகள் பலவாறு சிதறினால், பெரும்பாலானோர் விரும்பாத பறவை வென்றுவிடலாம். நியூசிலாந்தில் 2019-ல் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். ஐந்து பறவைகள் வரை 1, 2, 3 என்று எண் போடலாம். 2020-ல் முதல் விருப்பம் அதிகம் வாங்கியது ஆன்டிபோடியன் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை. மற்றவர்களின் அடுத்தடுத்த விருப்பங்களைச் சேர்த்து எண்ணியபோது வென்றது ககாபோ.

கணக்கு இப்படித்தான். உதாரணத்துக்கு நூறு சீட்டு என்று வையுங்கள். மீன்கொத்திக்கு 40, பனங்காடைக்கு 32, ஆள்காட்டிக்கு 28 முதல் விருப்பம். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் இருக்கும் ஆள்காட்டியை எடுத்துவிட்டு, அந்த 28 சீட்டுகளையும் மறுபடி பிரித்து இரண்டாம் விருப்பத்தைப் பாருங்கள். 21 பேர் பனங்காடை என்றும் 7 பேர் மீன்கொத்தி என்றும் எழுதியிருந்தால், பனங்காடைக்கு 53, மீன்கொத்திக்கு 47. பனங்காடை வெற்றி.

ஆறாம் வகுப்புக்கு மேல் இதை ஒரே பீரியடில் புரியவைத்துவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே ஓட்டு, படத்தில் டிக் போதும். பள்ளிக்குள் என்றால் காகிதச் சீட்டுதான் என் பரிந்துரை. பெட்டி, சீட்டு, கதவோரம் ஒரு மறைப்பு, விரலில் மை வைக்க ஒரு ஸ்கெட்ச் பேனா. ஆன்லைன் என்றால் கூகுள் ஃபார்ம் போதும், ஆனால் பிள்ளைகளின் போன் எண்ணையோ முகவரியையோ வாங்காதீர்கள். பெரியவர்களிடம் வாங்கும் இமெயிலையும் முடிவு அறிவித்தபின் அழித்துவிடுங்கள்.

ஆறாம் படி: கள்ள ஓட்டு

நடக்கும். பறவைக்காகவா என்று வியக்காதீர்கள், பாசம் இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும். நியூசிலாந்துத் தேர்தலில் 2018-ல் ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரே இணைய முகவரியிலிருந்து நீர்க்காகத்துக்கு 310 ஓட்டு வந்தது. 2020-ல் ஓர் இரவில், ஆக்லாந்தின் ஒரே இணைய முகவரியிலிருந்து, சிறுபுள்ளிக் கிவிக்கு 1,500-க்கும் மேற்பட்ட போலி ஓட்டுகள். 2023-ல் ஒரே ஆள் பாறைத்தாவிப் பென்குயினுக்கு 40,000 முறை போட்டிருந்தார். எல்லாவற்றையும் கண்டுபிடித்து நீக்கினார்கள். வெலிங்டனில் உள்ள டிராகன்ஃபிளை என்ற தரவு நிறுவனம் ஓட்டுகளைச் சரிபார்த்துக் கொடுத்தது.

அவர்கள் எதையும் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை போலி, எப்படி வந்தது என்று வெளியே சொன்னார்கள். நாங்கள் முதல் முறை வாட்ஸப் வாக்கெடுப்பில் நடத்தினோம். இரண்டாம் நாள் மாலை ஒரு பறவைக்கு மட்டும் திடீரென்று ஓட்டு ஏறியது. வெளியூர்க் குழுக்களுக்கு யாரோ இணைப்பை அனுப்பியிருந்தார்கள். பேசாமல் விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்த ஓட்டெடுப்பை ரத்து செய்து, காரணத்தையும் எல்லோருக்கும் சொல்லி, அடுத்த வாரம் காகிதச் சீட்டில் மறுபடி நடத்தினோம். முதலில் வந்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள்.

உங்களால் முடிந்த காவல்: ஆன்லைனில் இமெயிலை உறுதிசெய்தபின்பே ஓட்டு கணக்கில் சேரட்டும். ஓட்டு வந்த நேரத்தைப் பாருங்கள், நள்ளிரவில் ஒரே பறவைக்கு வரிசையாக வந்தால் தனியே எடுத்துவையுங்கள். வாக்கு நாள்களைக் குறைவாக வையுங்கள். பள்ளிக்கு ஒரு நாள், ஊருக்கு ஒரு வாரம்.

ஏழாம் படி: எண்ணிக்கையும் அறிவிப்பும்

எல்லார் கண் முன்னாலும் எண்ணுங்கள். கரும்பலகையில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஒவ்வொரு பறவையின் பிரசாரகரும் பக்கத்தில் நிற்கட்டும். செல்லாத சீட்டு எத்தனை என்பதையும் எழுதுங்கள். எங்களுக்கு வந்த செல்லாத சீட்டுகளில் ஒன்றில் பட்டியலில் இல்லாத ஆந்தையைப் பென்சிலால் வரைந்து பக்கத்தில் 1 என்று போட்டிருந்தது. அடுத்த முறை ஆந்தையைச் சேர்த்தோம்.

தேதி விஷயத்தில் ஒரு யோசனை. பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். ஜனவரியில் கணக்கெடுப்பு, மாதக் கடைசி இரண்டு வாரம் பிரசாரம், பிப்ரவரி 2 அன்று ஏரிக்கரையில் முடிவு. வலசைப் பறவைகள் அப்போது இருக்கும். ஏரியில் தண்ணீரும் பெரும்பாலும் இருக்கும். முக்கியமாக, ஆள்காட்டியும் பனங்காடையும் முட்டையிடத் தொடங்குவதற்கு ஒரு மாதம் கையில் இருக்கும்.

எட்டாம் படி: அடுத்த பன்னிரண்டு மாதம்

முடிவு அறிவித்த அன்றே, முதல் படியில் எழுதிய அந்த ஒரு வரியை ஊராட்சித் தலைவரிடமும் வனத்துறை அலுவலகத்திலும் மனுவாகக் கொடுங்கள். எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்ற எண்ணை மேலே எழுதுங்கள். எண்ணூறு பேர் கேட்கிறார்கள் என்றால் அந்த மனுவைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் ஏரியில் இரண்டாம் முறை வென்றது ஆள்காட்டி. கரையின் வடக்கு மூலையில் வண்டி திரும்பும் பொட்டலில் அது முட்டை வைத்திருந்தது. மண்ணோடு மண்ணாக, புள்ளி புள்ளியாக நான்கு முட்டை, சுற்றிலும் பொடிக் கற்களும் ஆட்டுப் புழுக்கையும். காலடி விழும் தூரத்தில் நின்றும் ஒருவருக்குத் தெரியவில்லை. ஊராட்சி அந்த மூலையில் நான்கு கல் நட்டுக் கயிறு கட்டித் தந்தது. பிள்ளைகள் தூரத்திலிருந்து நாள்தோறும் பார்த்து நோட்டில் எழுதினார்கள்: தேதி, நேரம், பறவை உட்கார்ந்திருக்கிறதா, நாய் வந்ததா.

வென்ற பறவைக்கு இரண்டு ஆண்டு ஓய்வு கொடுங்கள், அப்போதுதான் மற்றவை மேலே வரும். தோற்றவற்றின் பிரசாரகர்களிடம் தனியாகப் பேசுங்கள், அடுத்த ஆண்டு அவர்கள்தான் உங்களுக்கு வேண்டும். நாமக்கோழிக்காக நின்ற பெண் இப்போது ஆறாம் வகுப்பு. ஏரியில் எந்தத் தேதியில் முதல் நாமக்கோழி வந்தது என்று அவள் அப்பா தினமும் படகிலிருந்து பார்த்துச் சொல்ல, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதி வைத்திருக்கிறாள்.